முப்பது விநாடி

கோதையாற்றில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே
பென்சிகருக்கு முட்டி வலித்தது.
இன்னும் ஏறவே இல்லையே ஓய், என்றேன்.
அதான், முன்கூட்டியே வலிக்கு, என்றான்.

ரேஞ்சர் ஒப்பிட்ட தாளில் இருந்தது:
இருவர், ஓர் இரவு, தீ மூட்டக் கூடாது.
கூட வந்த வாட்சர் லதிகா
எங்கள் டிரைபாடைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னே போனாள்.
ரப்பர் மரங்கள் முடிந்த இடத்தில்
செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.
நாங்கள் ஷூ கயிற்றை இறுக்கினோம்.

பிறகு ஏற்றம்.
வேர், வழுக்குப் பாறை, மறுபடி வேர்.
முந்தாநாள் கோடைமழைக்கு எழுந்த அட்டைகள்
நூல் நுனிபோல் நின்று எங்களை முகர்ந்தன.
புகையிலைத் துணியால் அவள் ஒற்ற
என் கணுக்காலிலிருந்து ஒன்று விழுந்தது.
ரத்தம் நிற்கவில்லை.
பதினோரு வருஷமாகக் கல்யாண மேடைகளில்
கொஞ்சம் சிரிங்க, கொஞ்சம் சிரிங்க என்றவன்
யாரிடமும் எதுவும் சொல்லாமல் மூச்சு வாங்கினேன்.

மூன்று மணிக்குக் காடு சட்டென்று கழன்று விழுந்தது.
முத்துக்குழிவயல்.
யாரும் உழாத வயல்.
மடிப்பு மடிப்பாகப் புல்,
மடிப்பின் இடுக்கில் மட்டும் கறுப்பாய்ச் சோலை.
வெளிச்சம் போகுமுன் லதிகாவை இரண்டு படம் எடுத்தேன்,
தொப்பியோடு ஒன்று, தொப்பி இல்லாமல் ஒன்று.

இருட்டியதும் மஞ்சு இறங்கியது.
துடைக்கத் துடைக்க லென்ஸுக்கு வேர்த்தது.
மரச்சீனிக் கிழங்கும் காந்தாரித் துவையலும் தின்றோம்.
பென்சிகர் தூங்கினான், பேட்டரிகளைக்
குளிருக்கு அஞ்சிச் சட்டைக்குள் அடைகாத்தபடி.

ஒரு மணிக்கு மேல்
யாரோ போர்வையை உருவியதுபோலத் தெற்கு திறந்தது.
அடியில் முட்டத்து விளக்கு, ஒருமுறை, மறுமுறை.
குளச்சல் வள்ளங்கள் கடலில் சிந்திய மணிகள்.
இடப்பக்கம் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளின்
சிவப்புக் கண்சிமிட்டல்.
எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீரில் நட்டதுபோல,
தென்சிலுவை.
எழுந்த பென்சிகர் கையை நெற்றிக்குக் கொண்டுபோனான்,
நெஞ்சுக்கு வருமுன்
கொசு, என்று சமாளித்தான்.

மூன்றரைக்கு விருச்சிகம் வாலோடு ஏறி வந்தது,
பின்னாலேயே பால்வீதி.
முப்பது விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தேன்.
டார்ச் இல்லாமல் லதிகா குறுக்கே நடந்து போனாள்.
படத்தில் புல் இருந்தது, கடல் இருந்தது,
வள்ளங்கூட இருந்தது.
அவள் இல்லை.

"நான் நடந்தேனே?"
"நடந்தா விழாது. நிக்கணும்."

நின்றாள், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
இருபதாவது விநாடியில் சோலைக்குள் மிளா கத்த
அந்தப் பக்கம் ஓடிவிட்டாள்.
இந்தத் தடவை முக்கால்வாசி விழுந்திருந்தாள்.
அவளுடைய இடது தோள் வழியாக
மூன்று நட்சத்திரம் தெரிந்தது.
பேய் மாதிரி இருக்கு, என்றான் பென்சிகர்.
அவள் திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித்
தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குலசேகரம் தாண்டியதும் அந்தப் படத்தை அனுப்பினேன்.
ஒன்பது நாள் ஒற்றை டிக்.
பத்தாம் நாள் குரல் வந்தது,
பின்னால் ஆற்றுச் சத்தத்தோடு:
"அது நல்லாருக்கு. ஆனா தொப்பி இல்லாத பகல் படம் வேணும்.
ஐடி கார்டு தருவாங்களாம், தற்காலிகந்தான்.
பின்னால வெள்ளையா இருக்கணுமாம்."

கருங்கல்லில், கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு,
மவுஸைப் பிடித்து உட்கார்ந்தேன்.
முதலில் சோலையை அழித்தேன்.
அப்புறம் புல்வெளியை, மடிப்பு மடிப்பாக.
மேகத்துக்குத்தான் நேரம் பிடித்தது.
காதோரம் முடியோடு முடியாய்
ஒரு புல் நுனி நின்றது, அதை விட்டுவிட்டேன்.
எட்டுக் காப்பி.
கணக்கு நோட்டில் எழுதவில்லை.
கணுக்கால் இன்னும் அரித்தது.